எஸ்ஸின் தலையில் ஒரு கீற்று



திருகோணமலையில் மேடை போட்டால் பேசப் பொருளா இல்லை? துறைமுகம் இருக்கிறது. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. கோட்டை இருக்கிறது, கோட்டைக்குள் மான்கள் இருக்கின்றன, அவற்றுக்கும் மேலே பாறை உச்சியில் கோணேசர் இருக்கிறார். இத்தனையும் இருக்க, இன்றைய பேச்சு நுளம்பின் காலளவே உள்ள ஒரு கீற்றைப் பற்றியது.

ஆங்கில அரிச்சுவடியில் வரும் எஸ் எழுத்தை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதன் தலைக்கு மேலே, வலப்பக்கம் உயர்ந்து சாய்ந்ததாக ஒரு சின்னக் கோடு இழுங்கள். அவ்வளவுதான். ஆங்கிலேயனுக்கு இந்த எழுத்துத் தேவைப்பட்டதே இல்லை. போலந்துக்காரனுக்கோ இது நெடுங்கணக்கின் 32 எழுத்துகளில் 25ஆவது. அதே எழுத்தை வேறொரு இடத்திலும் காணலாம். சமஸ்கிருதச் சொற்களை ரோமன் எழுத்தில் திருத்தமாக எழுதும் அறிஞர்களின் நூல்களைப் புரட்டுங்கள். ‘கோணேஶ்வரம்’ என்று நம் கோவில் பெயர் வரும் இடத்தில், நடுவிலே நிற்பது அதே கீற்றுப் போட்ட எஸ்!

வார்சாவுக்கும் கோணமலைக்கும் என்ன உறவு? கொண்டான் கொடுத்தான் உறவு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே சங்கடம். இரவல் வாங்கிய எழுத்திலே தன் ஒலி ஒன்று அடங்காமல் நின்றால், அல்லது இரவல் வந்த ஒலி ஒன்று தன் எழுத்திலே அடங்காமல் நின்றால், என்ன செய்வது? குறி போடுவதா? புது எழுத்தைக் கொண்டுவருவதா? ஒலியையே வளைத்து நம் வழிக்குக் கொண்டுவருவதா? இந்த மூன்று வழியையும் ஒரே ஊர்ப் பெயரில், ஒரே கோவில் பெயரில் வைத்திருக்கிற ஊர் நம்முடையது. அதனால்தான் இந்தக் கீற்றைப் பற்றித் திருமலையில் பேசவேண்டியிருக்கிறது.

முதலில் ஒலியைக் கேட்போம். போலந்து மொழியில் மூன்று சொற்கள். ‘காஸா’ என்றால் காசு வாங்கும் மேசை. ‘காஷா’ என்றால் குறுநொய்போல உடைத்த தானியம், அதை வேகவைத்துச் சாப்பிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே ‘காஶா’ என்று ஒன்று. அது கத்தஜினா என்ற பெயருள்ள பெண்பிள்ளையை வீட்டில் செல்லமாகக் கூப்பிடுவது. முதலாவது ஸ, நாக்கு நுனி பல்லருகே நிற்கும். இரண்டாவது ஷ, நாக்கு பின்னே போகும். மூன்றாவதுக்கு நாக்கின் நடுவுடல் மேலண்ணத்தை நோக்கி எழும்ப வேண்டும். மென்மையாக, ஒரு யகரச் சாயலோடு வரும் ஒலி அது. நாக்கு வழுக்கினால் என்ன ஆகும்? கடைக்காரியிடம் ‘தயவுசெய்து’ என்று சொல்ல வாயெடுத்தவர் ‘பன்றிக்குட்டி’ என்று சொல்லிவிடுவார். அந்த இரண்டு சொல்லுக்கும் இடையிலிருக்கும் தூரம் ஏறக்குறைய இதே அளவுதான்.

ழகரத்துக்கும் ளகரத்துக்கும் வேறுபாடு காட்டச் சொல்லி வாத்தியாரிடம் குட்டு வாங்கியவர்கள் இந்த அவையில் இருப்பார்கள். அவர்களுக்கு இதை மேலும் விளக்கவேண்டியதில்லை.

இனி ஒரு வியப்பு. போலந்தில் இந்தக் கீற்றுக்கு ‘கிரெஸ்கா’ என்று பெயர். சும்மா ‘கோடு’ என்றுதான் பொருள். இந்தக் கோடு எப்போது வரும், எப்போது வராது தெரியுமா? அந்த மென்மையான எஸ்ஸுக்குப் பின்னால் உயிரெழுத்து வந்தால் கோடு வராது! கோட்டுக்குப் பதில் ஐ எழுத்தை இடையிலே வைத்து எழுதிவிடுவார்கள். சற்றுமுன் சொன்ன காஶா என்ற பெயரில் கோடே கிடையாது. எஸ் தனியே நிற்கவேண்டும், சொல்லின் கடைசியில் நிற்கவேண்டும், அல்லது இன்னொரு மெய்யோடு மோதி நிற்கவேண்டும். அப்போதுதான் தலையிலே கோடு.

உயிர் இல்லாத மெய்க்குத் தலையிலே குறி! உயிர் வந்து ஏறினால் குறி போய்விடும்! இதை எங்கே கேட்டிருக்கிறோம்? ‘ச்’ என்று எழுதினால் புள்ளி. ‘சா’ என்று எழுதினால் புள்ளி இல்லை. நோக்கம் வேறுதான். அவர்களுடைய கோடு மென்மையைக் காட்டுகிறது, நம்முடைய புள்ளி உயிரின்மையைக் காட்டுகிறது. ஆனாலும் பால்டிக் கடற்கரையில் ஒருவர் எழுதும்போதும், கிழக்குக் கடற்கரையில் ஒருவர் எழுதும்போதும், பேனா ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் காகிதத்தைவிட்டு எழும்பி மறுபடி தொடுகிறது.

பால்டிக் கடற்கரை என்றதும் ஒரு துறைமுகம் நினைவுக்கு வருகிறது. ஷ்வினொவுய்ஷ்சே என்று தோராயமாகச் சொல்லலாம். போலந்தின் வடமேற்கு மூலையில் உள்ள துறைமுக நகரம். 1945 வரை ஜெர்மனியரிடம் ஸ்வினெமுண்டே என்ற பெயரில் இருந்தது. இரண்டு பெயருக்கும் பொருள் ஒன்றுதான், ஷ்வினா ஆற்றின் முகத்துவாரம். இந்தப் போலந்துப் பெயரில் கீற்றுப் போட்ட எஸ் இரண்டு தடவை வருகிறது, தலையில் ஒன்று, உடம்பில் ஒன்று. மகாவலியின் கிளை வந்து விழும் கொட்டியாரக்குடாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முகத்துவாரத்தின் பெயரால் ஊர் வழங்குவது புதினமா என்ன?

சரி, இந்தக் கோட்டை யார் போட்டார்கள்? ஒரு நாளில் ஒருவர் போட்டதல்ல. லத்தீன் எழுத்து ரோமாபுரியில் பிறந்தது. அதை இரவல் வாங்கிய சிலாவிய மக்களிடம் ரோமாபுரி கேட்டறியாத ஒலிகள் பல இருந்தன. தொடக்கத்தில் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. எஸ் என்று எழுதிவிட்டு, வாசிப்பவர் புத்தியால் அறிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். இதைக் கேட்டு நாம் சிரிக்கக்கூடாது. நம் கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் புள்ளி பெரும்பாலும் இல்லை. எகரமா ஏகாரமா, மெய்யா உயிர்மெய்யா என்பதை வாசிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிறகு பிராகா நகரத்தில் யான் ஹூஸ் வந்தார். சமயச் சீர்திருத்தம் பேசியதற்காக 1415 யூலை 6ஆம் நாள் உயிரோடு எரிக்கப்பட்டவர். அவருடையதென்று பொதுவாகக் கருதப்படும் செக் எழுத்திலக்கண நூல் ஒன்று உண்டு. இரண்டு மூன்று எழுத்தைக் கூட்டி ஓர் ஒலியைக் காட்டுவானேன், ஓர் எழுத்தின் மேல் ஒரு குறி போட்டால் போதாதா என்பது அந்நூலின் வாதம். என்ன குறி போட்டார் தெரியுமா? புள்ளி! அந்தப் புள்ளிதான் நாளடைவில் கொக்கியாகி, இன்றும் செக் எழுத்துகளின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. நெடில் உயிருக்கு ஒரு சாய்கோடும் போட்டார். போலந்தில் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்தனிஸ்வாவ் ஸபொரொவ்ஸ்கி இந்த யோசனையைப் பின்பற்றி ஓர் எழுத்திலக்கணம் வெளியிட்டார். கிராக்கோவ் நகரத்து அச்சகங்கள் தங்கள் வசதிக்கு ஏற்றதை எடுத்துக்கொண்டன, மற்றதை விட்டன. எழுத்துச் சீர்திருத்தத்தில் அச்சுக்கூடத்தின் பங்கைத் தமிழருக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை.

இந்தக் கதையில் கடைசியாக வந்து சேர்ந்தது மொண்டெநீக்ரோ. 2006இல் தனிநாடானது. மூன்றே வருடத்தில், 2009இல், தன் நெடுங்கணக்கில் இரண்டு எழுத்தைச் சேர்த்துக்கொண்டது. அதில் ஒன்று நம்முடைய கீற்றுப் போட்ட எஸ். அண்டை நாட்டார் ‘நாளை’ என்பதற்கு ‘ஸுத்ரா’ என்பார்கள். மொண்டெநீக்ரோவில் ‘ஶுத்ரா’ என்று எழுதலாம் என்றாகிவிட்டது. பேச்சில் நெடுங்காலமாக இருந்த ஒலிதான், ஐயமில்லை. ஆனால் எழுத்தில் ஏற்றிய வேளையைப் பாருங்கள். அந்த எழுத்தை எழுதுபவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது அன்றிலிருந்து கடிதத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கொடியைப் போல எழுத்தும் ஏற்றப்படும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திருமலைக்கு வரும்போது தேவைப்படும்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். சமஸ்கிருதத்தில் மூன்று சகர வகை: ஶ, ஷ, ஸ. சிங்களத்திலும் இம்மூன்றுக்கும் மூன்று எழுத்து உண்டு. ஐரோப்பிய அறிஞர்கள் இவற்றை ரோமன் எழுத்தில் எழுதப் புறப்பட்டபோது ஆளுக்கொரு வழி போனார்கள். பிரெஞ்சுக்காரர்கள் சி எழுத்தின் கீழே வால் வைத்துச் சிவனை எழுதினார்கள். ஆங்கிலேயர் எஸ்ஸோடு எச்சைச் சேர்த்தார்கள். கடைசியில் 1894இல் ஜெனீவாவில் கூடிய கீழைத்தேயவியலாளர் மாநாட்டை ஒட்டி ஒரு பொதுமுறை உருவானது. அதன் வழியில் ஸ என்பதற்கு வெறும் எஸ், ஷ என்பதற்குக் கீழே புள்ளி வைத்த எஸ், ஶ என்பதற்கு மேலே கீற்றுப் போட்ட எஸ். போலந்தின் காஸா, காஷா, காஶா போலவே மூன்று இருக்கைகள், மூன்று ஆட்கள்!

அதற்குப் பிறகு வந்த ஒரு தற்செயல். வாந்தா தினொவ்ஸ்கா என்ற போலந்துப் பெண்மணி, உமாதேவி என்ற பெயரோடு இந்தியாவில் வாழ்ந்து 1971இல் மைசூரில் மறைந்தவர். ‘போலந்து–இந்திய நூலகம்’ என்ற வரிசையைச் சென்னையிலிருந்து நடத்தினார். திருக்குறளை அவர் போலந்து மொழியில் பெயர்த்தது 1958இல். அந்த மொழியில் ‘திரு’, ‘புனிதம்’ என்பதற்கு உரிய சொல் ‘ஷ்வென்தி’. அது எந்த எழுத்தில் தொடங்குகிறது? கீற்றுப் போட்ட எஸ்ஸில்! ஶ்ரீயும் அதே கீற்றில் தொடங்குகிறது. வேர் ஒன்றென்று யாரும் கட்டுரை எழுதக் கிளம்பிவிட வேண்டாம், வெறும் ஒற்றுமைதான். ஆனால் ஈயத்தில் அச்சுக் கோத்த அந்தக் காலத்தில், போலந்து மொழிப் புத்தகத்தைக் கோக்க உட்கார்ந்தவர் எத்தனை எஸ்களைத் தேடி எடுத்திருப்பார் என்று எண்ணிப் பார்த்தால் இரக்கம் வருகிறது.

அறிஞர்கள் குறி போட்டார்கள். தமிழ் என்ன செய்தது?

தமிழ் மற்ற இரண்டும் செய்தது. கோட்டைக்குள்ளேயே சான்று கிடைத்தது. பிரெட்ரிக் கோட்டையில் கிடைத்த ஒரு துண்டுக் கல்வெட்டு, கிரந்த எழுத்தில், சமஸ்கிருதத்தில், சோடகங்கதேவன் என்பவனைச் சொல்கிறது. சக ஆண்டு 1145, அதாவது கிறிஸ்துவுக்குப் பின் 1223. கிரந்தத்தில் ஶகரம் உண்டு. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளை எடுத்தால், தமிழில் தொடங்குமுன் ‘ஸ்வஸ்தி ஶ்ரீ’ என்று கிரந்தத்தில் மங்கலம் சொல்லிவிட்டுத்தான் சிற்பி அடுத்த எழுத்துக்குப் போவான். இது புது எழுத்தைக் கொண்டுவரும் வழி.

மற்றது ஒலியை வளைக்கும் வழி. வடசொல் வந்தால் வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தில் அமைத்துக்கொள் என்று தொல்காப்பியம் சொன்ன வழி. இதை எங்கள் கோவிலில் கண்ணாரக் காணலாம். ஈஶ்வரம் என்பது ஈச்சரம் ஆயிற்று. கோணேச்சரம், மன்னாரில் கேதீச்சரம். ஈஶர் என்பது ஈசர் ஆயிற்று; கோணேசர். ஒரே சகரம்தான். ஆனால் ‘ச்ச’ என்று இரட்டித்தால் அழுத்தமாகக் கேட்கிறது, உயிர்களுக்கு நடுவே தனித்து நின்றால் மெல்லியதாகக் கேட்கிறது. ‘மஞ்சள்’ என்னும்போது வேறொன்றாகக் கேட்கிறது. போலந்துக்காரன் குறி போட்டுக் காட்டுவதைத் தமிழ், எழுத்து நிற்கும் இடத்தை வைத்தே காட்டிவிடுகிறது. இது சிக்கனம். இந்தச் சிக்கனத்துக்கு விலையும் உண்டு. வெளியூரார் ஒருவரிடம் ‘கோணேசர்’ என்று எழுதிக் கொடுத்தால், பக்கத்தில் நின்று வாசித்தும் காட்டவேண்டும்.

கணினி வந்தபோது இந்தப் பழைய வழக்கு மறுபடி கிளம்பியது. ஒருங்குறியில் தமிழ் ஶகரத்துக்குத் தனி இடம் கிடைத்தது 2005இல்தான். அதற்கு முன்பே ஶ்ரீ என்ற கூட்டெழுத்தை ஸகரத்தின் வழியாகத் தட்டி எழுதிப் பழகிவிட்டோம். விளைவு என்ன? திரையில் பார்த்தால் ஒரே உருவம், உள்ளே இரண்டு வேறு குறியீடுகள். பட்டியலில் ஒரு ‘ஸ்ரீதரனை’த் தேடினால் மற்றவர் அகப்படமாட்டார். கண்ணுக்கு ஒரு பிள்ளை, கணினிக்கு இரட்டைப் பிள்ளைகள்!

இப்போது அந்தச் சொல்லுக்கே வருவோம். ஶ்ரீ.

ஶ்ரீக்கு நேர் தமிழாக வழங்கும் சொல் எது? திரு. நம் ஊர்ப் பெயரின் தலையில் இருப்பது எது? திரு. போர்த்துக்கேயர் வாயில் நசுங்கி, ஒல்லாந்தர் வாயில் உருண்டு, ஆங்கிலேயரிடம் ‘ட்ரிங்கோமலி’ என்று ஆனபிறகும், முன்னாலே ஒரு ‘ட்ரி’ ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது திருவின் மிச்சம். (திருகோணமலையா, திருக்கோணமலையா என்ற வழக்கை இன்று இந்த அவையில் எடுக்கப்போவதில்லை. ஊரின் பெயர்ப்பலகைகளே இன்னும் உடன்பாட்டுக்கு வரவில்லை. ஒரு க், ஒரு புள்ளி.) ஆக, ஶ்ரீயின் தமிழைத் தன் பெயரில் சூடிய ஊர் இது. அந்த ஊரில்தான் ஶ்ரீயின் பெயரால் ஒரு துயரமும் நடந்தது.

1956இல் தனிச்சிங்களச் சட்டம். அதே வருடம் ஓகஸ்ற்றில் தமிழரசுக் கட்சி தன் மாநாட்டைக் கூட்டியது திருமலையில். நாலா திசையிலிருந்தும் மக்கள் நடந்து வந்தார்கள். அடுத்து 1957 பிறந்தது. மோட்டார் வாகனங்களின் இலக்கத்தகட்டில் அதுவரை இருந்தவை ‘சிலோன்’ என்ற பெயரிலிருந்து இரண்டிரண்டாக எடுத்த ஆங்கில எழுத்துகள். அவற்றுக்குப் பதிலாகச் சிங்களத்தில் ஶ்ரீ வந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. பெப்ரவரி 4, சுதந்திர தினம். மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக்கொடி ஏற்ற முயன்ற இளைஞர் நடராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். யூலை 26இல் பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம். 1958 சனவரியில் இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது, மார்ச்சில் ஶ்ரீ பொறித்த பஸ்கள் வடக்கே வந்தன, அந்த ஶ்ரீயை அழிக்கக் கையில் தாரும் தூரிகையுமாக ஆட்கள் திரும்பவும் வீதிக்கு வந்தார்கள். ஏப்ரலில் ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதக் கலவரத்தில் என்ன நடந்ததென்று இந்த அவையில் மூத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். தமிழருக்கு ஶ்ரீ என்ற ஒலி மேல் வெறுப்பா? கல்வெட்டின் முதற்சொல்லே அதுதான். கலியாணக் கடிதத்தின் தலையில் அதை அச்சடித்தவர்கள், பிள்ளைக்கு ஶ்ரீதரன், ஶ்ரீகாந்தன் என்று பேர் வைத்தவர்கள் தாரை எடுத்தார்களே, ஏன்? ஒலி எல்லோருக்கும் பொது, வடிவம் ஒருவருடையது. மூன்று எழுத்தில் எழுதக்கூடிய ஒரு சொல்லை ஒரே எழுத்தில் மட்டும் எழுதி எல்லார் வண்டியிலும் ஒட்டியதுதான் வழக்கு. அன்றைய அரசு இதை உணராமல் செய்ததென்று நம்புவது கடினம். அதன் பிறகு ஈழத்தில் பலர் ‘சிறீ’ என்று றகரம் போட்டு எழுதத் தொடங்கினார்கள். அதையும் வெறும் எழுத்துக்கூட்டல் என்று கடந்துவிட முடியாது.

இத்தனை சண்டைக்கும் காரணமான குறிகளைக் கடல் கண்டுகொள்வதில்லை என்பதுதான் வேடிக்கை. துறைமுகத்துக்கு வரும் கப்பலின் சைகைக் கொடிகளில் எழுத்துக் கொடி 26. கீற்றுக்கு அங்கே கொடி இல்லை. மாலுமியின் கடவுச்சீட்டைத் திறந்து, அடியிலே இயந்திரம் வாசிக்கும் இரண்டு வரியைப் பாருங்கள். அங்கேயும் 26 பெரிய எழுத்து, இலக்கங்கள், இடத்தை நிரப்ப ஒரு கூர்முனைக் குறி. போலந்துக்காரனின் கீற்று அங்கே உதிர்ந்து வெறும் எஸ் ஆகிவிடும். அவனுக்குப் பக்கத்தில் வரிசையில் நிற்கும் நம் ஊர்ப் பிள்ளையின் ழகரமும் ளகரமும் அதே இரண்டு வரியில்தான் கரைந்துபோகின்றன. முழுப்பெயர் மேலே அச்சில் இருக்கிறது, ஆனால் வாசலைத் திறப்பது கீழ்வரிதான்.

இலக்கத்தகட்டின் கதை 1958இல் முடியவில்லை. சிங்கள ஶ்ரீ பல பத்தாண்டுகள் ஓடியது. பிறகு எழுத்தே இல்லாமல் வெறும் இலக்கங்கள் வந்தன. 2000ஆம் ஆண்டிலிருந்து மறுபடி ஆங்கில எழுத்துகள், கூடவே 2022 வரை மாகாணத்தைக் காட்டும் இரண்டெழுத்தும் இருந்தது. புறப்பட்ட இடத்துக்கே வண்டி வந்து நின்றது.

பேச்சு முடிந்து வெளியே போகும்போது மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஒரு நிமிடம் நின்று, போகிற வண்டிகளின் முன்னும் பின்னும் பாருங்கள். கிழக்கு மாகாணத்தின் ‘ஈ பி’ போட்ட ஓட்டோக்கள் நிறையப் போகும். வெறும் இலக்கம் போட்ட பழைய வான் ஒன்று வரும். அதிர்ஷ்டமிருந்தால், சாயம் வெளிறிய ஒரு மொரிஸ் மைனர் அந்தப் பக்கமாகத் திரும்பும். அதன் தகட்டில், இரண்டு இலக்கக் கூட்டங்களுக்கு நடுவே, சுழித்து எழுதிய அந்த ஶ்ரீ இன்னும் இருக்கும்.